டம்மியா, மெஸனைனா, வேறொன்றா? நள்ளிரவுக்கு ஏற்ற டிரிப்-ஹாப், டவுன்டெம்போ ஆல்பங்கள்: ஓர் ஒப்பீடு

நள்ளிரவில் கேட்க நல்ல டிரிப்-ஹாப் (மெதுவான ஹிப்-ஹாப் தாளத்தில் அமைந்த மின்னணு இசை) அல்லது டவுன்டெம்போ (பொதுவாக மெதுவான மின்னணு இசை) ஆல்பம் எது என்று கேட்கிறவர்கள் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது. போர்ட்டிஸ்ஹெட்டின் 'டம்மி', மாஸிவ் அட்டாக்கின் 'மெஸனைன்', டிஜே ஷேடோவின் 'எண்ட்ரொட்யூசிங்', க்ரூடர்-டோர்ஃப்மைஸ்டர் இணையின் 'கே அண்ட் டி செஷன்ஸ்', ஏர் குழுவின் 'மூன் சஃபாரி', பரியலின் 'அன்ட்ரூ'. எங்கே தேடினாலும் இந்த ஆறும் வந்து நிற்கும். பெயர் தெரியாமல் யாரும் திண்டாடுவதில்லை. போட்ட ஐந்து நிமிடத்தில் ஏதோ ஒன்று ஒத்துவராமல் போவதுதான் பிரச்சினை. ஒன்று தூக்கத்தைக் கலைக்கிறது, ஒன்று வேலையைக் கெடுக்கிறது, ஒன்று காதிலேயே சரியாக விழவில்லை. கடைசியில் யாரோ கோத்துவைத்த 'சில்' பிளேலிஸ்ட்டில் போய் ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்த ஆல்பங்கள் மேல் எனக்கு நிறையப் பிரியம் உண்டு. அதனால்தான் எல்லாவற்றையும் 'சில்' என்று ஒரே பெயரில் அடைப்பது வருத்தமாக இருக்கிறது. மெதுவாகப் போகிற இசையெல்லாம் அமைதியான இசை அல்ல. இவற்றில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 100 தட்டுக்குக் கீழேதான் நடக்கின்றன. ஆனால் அந்த நிதானத்துக்குள் இருப்பது சிலவற்றில் பயம், சிலவற்றில் பிரிவு, சிலவற்றில் அடக்கிவைத்த கோபம். ஆகவே எது சிறந்தது என்று பார்க்காமல், இன்று ராத்திரி என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு சத்தத்தில் கேட்கப்போகிறோம் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, என் பார்வையில் மிக முக்கியமானது: வால்யூமைக் குறைத்தால் ஆல்பத்தில் என்ன மிஞ்சுகிறது? நம் காது எல்லா ஒலிகளையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சத்தம் குறையக் குறைய, தாழ்ந்த ஒலிகள்தான் முதலில் காதைவிட்டு நழுவும் என்பதை பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். மனிதக் குரல் புழங்கும் நடுப்பகுதி மட்டும் தாக்குப்பிடிக்கும். பகலில் ஸ்பீக்கரில் அதிர்ந்த பேஸ் (அந்தத் தாழ்ந்த ஒலி), ராத்திரி ஒரு மணிக்கு வீட்டில் யாரும் எழுந்துவிடக் கூடாதே என்று குறைத்து வைக்கும்போது பாதி காணாமல் போவது இதனால்தான். தலைக்கு மேலே ஃபேன் சுற்றினால் அதன் இரைச்சல் இன்னும் கொஞ்சத்தை விழுங்கிவிடும். பேஸை நம்பிக் கட்டிய ஆல்பம் இந்தச் சோதனையில் தேறாது. அது ஆல்பத்தின் குற்றமும் இல்லை.

இரண்டாவது, குரல். பாடல் வரிகள் தெளிவாகக் கேட்டால் மனம் அவற்றின் பின்னால் போகும். சும்மா படுத்திருக்கும்போது அதுதான் சுகம். படிக்கும்போதும் எழுதும்போதும் அதுவே தொல்லை.

மூன்றாவது, திடீர்ச் சத்தம். ஒரு நிமிடம் தாலாட்டிவிட்டு அடுத்த நிமிடம் டிரம்மை இறக்கும் ஆல்பங்கள் இந்த வகையில் நிறைய. பகலில் அது ரசிக்க வேண்டிய திருப்பம். கண் செருகும் நேரத்தில் தூக்கிவாரிப்போடும்.

நான்காவது, முடியும்போது நம்மை எந்த மனநிலையில் விட்டுப்போகிறது என்பது. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நள்ளிரவில் ஒரு ஆல்பம் முடிந்த பிறகு பேச ஆள் இல்லை, வெளியே போக இடமில்லை. அது விட்டுப்போன மனநிலையோடுதான் தூங்க வேண்டும். ஆல்பத்தின் நீளமும் இதோடு சேர்ந்தது.

## போர்ட்டிஸ்ஹெட்: 'டம்மி' (1994)

போர்ட்டிஸ்ஹெட் என்பது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரை அடுத்த ஒரு சிறு கடலோர ஊர். குழுவைத் தொடங்கிய ஜெஃப் பாரோ வளர்ந்த இடம் அது. மாஸிவ் அட்டாக் தங்கள் முதல் ஆல்பத்தை உருவாக்கிய கோச் ஹவுஸ் ஸ்டுடியோவில் டேப் வேலைகளைப் பார்த்துக்கொண்டு எடுபிடியாக இருந்தவர் பாரோ. வேலையில்லாதவர்கள் சொந்தமாக ஏதாவது தொடங்க அரசு நடத்திய உதவித் திட்டத்தின் கூட்டமொன்றில், 1991-இல், பாடகி பெத் கிப்பன்ஸைச் சந்தித்தார். அப்புறம் கிட்டார் கலைஞர் ஏட்ரியன் அட்லி சேர்ந்தார். ஆல்பம் 1994 ஆகஸ்டில் வந்தது. அடுத்த ஆண்டு, பிரிட்டனில் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி விருதை வாங்கியது.

இரவு நேரத்துக்கு 'டம்மி' இவ்வளவு பொருந்துவதற்கு அது தயாரான விதமே காரணம். பழைய இசைத்தட்டின் கரகரப்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் பழைய தட்டுகளிலிருந்து எடுக்காமல், தாங்களே வாசித்ததைப் பதிவு செய்து, தட்டாக அச்சடித்து, அதைத் தரையில் போட்டு மிதித்துத் தேய்த்து, பிறகு அதிலிருந்து சாம்பிள் (பாட்டில் மறுபடி பயன்படுத்த வெட்டியெடுக்கும் ஒலித்துணுக்கு) எடுத்தார்கள். கூடவே உண்மையான பழைய தட்டுகளும் உண்டு. 'சவர் டைம்ஸ்' பாட்டில் ரீங்கரித்துக்கொண்டே சுற்றும் துணுக்கு, 'மிஷன் இம்பாசிபிள்' தொலைக்காட்சித் தொடருக்கு இசையமைத்த லாலோ ஷிஃப்ரினுடையது. 'கிளோரி பாக்ஸ்' பாட்டின் அடியில் ஓடுவது ஐசக் ஹேயஸ் 1971-இல் பதிவு செய்தது. இந்தக் கரகரப்பு, கிட்டார், பெத்தின் குரல் எல்லாமே மேலே சொன்ன அந்த நடுத்தர ஒலிகளில் உட்காருகின்றன. அதனால் வால்யூமை எவ்வளவு குறைத்தாலும் 'டம்மி' கரைந்துபோவதில்லை. ஃபேன் சத்தத்தைக்கூடத் தாண்டி வரும்.

'ரோட்ஸ்' பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எலக்ட்ரிக் பியானோ மட்டும், ஒவ்வொரு சுரமும் நடுங்கி நடுங்கி அணைகிறது. பெத் பாடத் தொடங்கும்போது மைக்குக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார் என்பது தெரிகிறது. சொல்லை முடிக்கும் இடங்களில் குரல் உடைந்துவிடுமோ என்று நமக்குப் பதைக்கிறது. வயலின்கள் பின்னால்தான் வருகின்றன, அதுவும் அவரைத் தாங்கிப்பிடிக்கிற அளவுக்கு மட்டும். இந்த ஒரு பாட்டுக்காகவே நான் இந்த ஆல்பத்தைப் பட்டியலில் முதலில் வைப்பேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. 'டம்மி' நம்மைத் தேற்றாது. கடைசிப் பாட்டு முடியும்போது மனம் கனத்துத்தான் இருக்கும். உறவு முறிந்த புதிதில் இதைப் போட வேண்டாம் என்பேன். ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்துப் போட்டால் காயம்தான் இன்னும் ஆழமாகும். கொஞ்சம் ஆறிய பிறகு கேட்டால் அதே பாட்டுகள் வேறு மாதிரி துணை நிற்கும். வேலை செய்துகொண்டே கேட்கவும் இது உதவாது, குரல் விடாது. தனியாக, விளக்கை அணைத்துவிட்டு, வேறெதுவும் செய்யாமல் 49 நிமிடம் ஒதுக்க முடிந்தால் இதற்கு மிஞ்சியது கிடையாது.

## மாஸிவ் அட்டாக்: 'மெஸனைன்' (1998)

பேஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்த ஆல்பத்தின் பலமும் சிக்கலும் ஒரே நேரத்தில் புரியும். மாஸிவ் அட்டாக், 80-களில் பிரிஸ்டலில் பெயர்பெற்றிருந்த வைல்ட் பஞ்ச் என்ற சவுண்ட் சிஸ்டம் குழுவிலிருந்து பிறந்தது. சவுண்ட் சிஸ்டம் என்பது கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பழக்கம்: ஆளுயர ஸ்பீக்கர்களை அடுக்கி, ஜமைக்காவின் ரெகே இசையின் பேஸ் நெஞ்சுக்கூட்டில் இறங்கும்படி இசை போடுவது. அங்கே பேஸ் வெறும் பக்கவாத்தியம் இல்லை, பாட்டே அதுதான்.

'ஏஞ்சல்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தரையோடு தரையாக ஒரு பேஸ், அதன்மேல் அளந்து விழும் டிரம். ஜமைக்காவின் ஹொரஸ் ஆண்டி, தானே பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு ரெகே பாட்டின் வரிகளை அந்த மெல்லிய, நடுங்கும் குரலில் மறுபடி பாடுகிறார். பாதியைத் தாண்டும்போது கிட்டார்கள் ஒரே அலையாக வந்து மூடுகின்றன. நல்ல ஹெட்ஃபோனில் அந்த இடம் மயிர்க்கூச்செறிய வைக்கும். போனின் சின்ன ஸ்பீக்கரிலோ, வால்யூமைக் குறைத்தோ கேட்டால், முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே நடக்காதது போலவும், அப்புறம் திடீரென்று இரைச்சல் வந்தது போலவும்தான் இருக்கும். "எல்லோரும் இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்பவர்களில் பலர் இப்படிக் கேட்டவர்கள்தான்.

'டியர்டிராப்' மட்டும் விதிவிலக்கு. இதயத் துடிப்பு போன்ற தட்டு, அதன்மேல் காக்டோ ட்வின்ஸ் குழுவின் எலிசபெத் ஃப்ரேசர் பாடியது. எந்த வால்யூமிலும் நிற்கும். அமெரிக்காவில் ஒளிபரப்பான 'ஹவுஸ்' என்ற மருத்துவமனைத் தொடரின் முகப்பு இசையாகப் பலர் இதை அறிவார்கள். அந்த ஒரு பாட்டின் இதத்தை நம்பி முழு ஆல்பத்துக்குள் போகிறவர்கள் அதிர்ச்சி அடைகிறார்கள், ஏனென்றால் மற்றவற்றில் அந்த இதம் இல்லை. பதிவின்போது குழுவுக்குள் கடும் பிணக்கு. வெளிவந்த அடுத்த ஆண்டே மூவரில் ஒருவரான ஆண்ட்ரூ வோல்ஸ் விலகிவிட்டார். அந்த இறுக்கம் இசையில் அப்படியே இருக்கிறது. நள்ளிரவின் பயமுறுத்தும் பக்கத்தை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன ஆல்பம் எனக்கு வேறு தெரியாது.

'மேன் நெக்ஸ்ட் டோர்' என்ற பாட்டின் விஷயமே, ராத்திரியில் சத்தம் போட்டுத் தூங்கவிடாத பக்கத்து வீட்டுக்காரன். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்த ஆல்பத்தை ஸ்பீக்கரில் போடும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது. தாழ்ந்த ஒலிகள்தான் சுவரை எளிதாகத் தாண்டும். நமக்கு அளவாகக் கேட்பது பக்கத்து வீட்டுக் கட்டிலில் அதிர்வாக வந்து சேரும்.

ஆக, இதன் மறைமுகச் செலவு பணமாகவே வரும்: பேஸை ஒழுங்காகக் காட்டும் ஒரு ஹெட்ஃபோன். அது கையில் இருந்தால், விழித்திருக்க விரும்பும் இரவுகளுக்கு 'டம்மி'யைவிட இதுவே பெரிய அனுபவம். தூங்குவதற்கு முன் மட்டும் வேண்டாம்.

## டிஜே ஷேடோ: 'எண்ட்ரொட்யூசிங்' (1996)

டிஜே ஷேடோவின் இயற்பெயர் ஜோஷ் டேவிஸ். கலிஃபோர்னியாவில் வளர்ந்த அவர், ஒரு டர்ன்டேபிள், சாம்பிள்களை அடுக்கித்தரும் ஆக்காய் எம்பிசி60 கருவி, ஒரு டேப் ரெக்கார்டர் என்று கிட்டத்தட்ட இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு செய்தது. மூலப்பொருள் முழுக்கப் பழைய இசைத்தட்டுகள். சாக்ரமெண்டோவில் ஒரு பழைய தட்டுக் கடையின் நிலவறையில், யாரும் சீண்டாமல் குவிந்துகிடந்த தட்டுகளுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் தோண்டியிருக்கிறார். முழுக்க சாம்பிள்களால் மட்டுமே ஆன முதல் ஆல்பம் என்று கின்னஸ் புத்தகம் பின்னாளில் பதிவு செய்தது.

குரல் தொந்தரவு இல்லை என்பதால் இரவு வேலைக்கு இதைத்தான் பலர் பரிந்துரைக்கிறார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். 'மிட்நைட் இன் எ பர்ஃபெக்ட் வேர்ல்ட்' பாட்டில் ஒரு பியானோ லூப் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்க, டிரம் அதற்கு இடம்விட்டு நடக்கிறது. மணிக்கணக்கில் ஓடவிட்டாலும் அலுக்காது. ஆனால் 'ஸ்டெம்/லாங் ஸ்டெம்' கம்பி வாத்தியங்களோடு அவ்வளவு மென்மையாகத் தொடங்கி, நாம் தளர்ந்து உட்கார்ந்த நேரம் பார்த்து டிரம்மை வெறிகொண்டு அவிழ்த்துவிடுகிறது. 'தி நம்பர் சாங்', 'ஆர்கன் டோனர்' இரண்டும் நடுவில் விறுவிறுவென்று வந்துபோகின்றன. கடைசியில் 'ட்வின் பீக்ஸ்' தொடரிலிருந்து எடுத்த ஒரு கனத்த குரல் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கிறது. அரைத்தூக்கத்தில் அது காதில் விழுந்தால் எழுந்து உட்காருவீர்கள்.

அதனால் இது தூக்கத்துக்கு ஆகாது. ஆனால் கவனம் சிதறாமல் விழித்திருக்க வேண்டியவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கமே உதவி. 60-களிலும் 70-களிலும் பதிவான டிரம்கள் என்பதால் குறைந்த சத்தத்திலும் தெளிவாக நிற்கும். ஒன்று கட்டாயம்: ஷஃபிளில் போடாதீர்கள். ஒரு பாட்டு அடுத்ததை எப்படிக் கூட்டிவருகிறது என்பதில்தான் இந்த ஆல்பமே இருக்கிறது.

## க்ரூடர் & டோர்ஃப்மைஸ்டர்: 'கே அண்ட் டி செஷன்ஸ்' (1998)

வியன்னாவைச் சேர்ந்த பீட்டர் க்ரூடரும் ரிச்சர்ட் டோர்ஃப்மைஸ்டரும் மற்றவர்களின் பாட்டுகளை எடுத்துத் தங்கள் பாணியில் மாற்றிய ரீமிக்ஸ்களின் தொகுப்பு. இரண்டு சிடி, இரண்டு மணி நேரத்துக்கு மேல். ரோனி சைஸின் வேகமான டிரம் அண்ட் பேஸ் பாட்டு ஒன்று போசா நோவா என்ற பிரேசில் இசையின் நடைக்கு இறங்கிவருகிறது. டெபெஷ் மோட் குழுவின் 'யூஸ்லெஸ்' தன் கிட்டார் முரட்டுத்தனத்தை உதறிவிட்டுப் புகை போல மிதக்கிறது. குரல்கள் உண்டு, ஆனால் எதிரொலிக்குள் கரைந்து, பின்னாலிருந்து வருகின்றன. சொல்லைத் துரத்திக்கொண்டு மனம் ஓடாது.

இந்த ஆறில் அதிக இரவுகளுக்குப் பொருந்துவது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். நண்பர் ஒருவர் வந்து பேசிக்கொண்டிருக்கும் இரவு, வாகனத்தில் நீண்ட தூரம் போகும் இரவு, கணக்கு வழக்கு பார்க்கும் இரவு என்று எதற்கும் இடைஞ்சல் செய்யாது. பேஸ் கனமானதுதான். ஆனால் மேலே ஹை-ஹேட்டும் பெர்க்கஷனும் ஓயாமல் ஓடுவதால் வால்யூமைக் குறைத்தாலும் பாட்டு காலியாகிவிடாது.

குறை என்றால், நீளம். உட்கார்ந்து கேட்கத் தொடங்கினால் இரண்டாவது சிடியில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் மங்கத் தொடங்கும். சில இடங்களில் ராப்பும், வீட்டில் பெரியவர்கள் முன் கேட்கச் சங்கடமான சொற்களும் உண்டு. 'டம்மி' போல ஒரு பாட்டு நெஞ்சில் தைத்து நிற்பதும் இதில் நடக்காது. கூட இருக்கத்தான் இது நல்லது.

## ஏர்: 'மூன் சஃபாரி' (1998)

ஆறில் உண்மையிலேயே இதமானது இது ஒன்றுதான். பிரான்ஸின் வெர்சாய் நகரைச் சேர்ந்த நிக்கோலா கோதேன், ஜான்-பெனுவா டங்கெல் இருவரும் பழைய சிந்தசைசர்களை வைத்துச் செய்தது. முதல் டிராக் ஏழு நிமிடம், வரிகளே இல்லை, பேஸ் கிட்டார் அத்தனை சாவகாசமாக நடக்கிறது. அமெரிக்கப் பாடகி பெத் ஹர்ஷ் பாடும் இரண்டு பாட்டுகளும் அருமை. மொத்தமே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இரண்டாவதாக வரும் 'செக்ஸி பாய்' மட்டும் பாப் துள்ளலோடு குறுக்கே நிற்கும். தூங்கப் போகிறவர்கள் அதைத் தாண்டிவிடலாம். இருட்டையும் கனத்தையும் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த ஆல்பம் லேசாகப் படக்கூடும்.

## பரியல்: 'அன்ட்ரூ' (2007)

கறாராகப் பார்த்தால் இது டிரிப்-ஹாப்பே அல்ல. தெற்கு லண்டனின் கராஜ், டப்ஸ்டெப் என்ற நடன இசை மரபில் வந்தது. தாளமும் வேகமானது. ஆனால் இரவு இசை என்று பேசிவிட்டு இதை விட முடியாது. வில் பெவன் என்ற இளைஞர், பரியல் என்ற பெயருக்குப் பின்னால் தன் அடையாளத்தை வெளியிடாமலே இதைக் கொண்டுவந்தார். யார் அவர் என்று பத்திரிகைகள் துருவத் தொடங்கிய பிறகு, 2008-இல் தான்தான் என்று அவரே சொன்னார். தாளத்தைக் கட்டத்துக்குள் அடுக்கித்தரும் மென்பொருள்களை விட்டுவிட்டு, சவுண்ட் ஃபோர்ஜ் என்ற ஒலித் திருத்தியில் அலைவடிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கையால் டிரம்களை வைத்திருக்கிறார். அதனால் ஒவ்வொரு தட்டும் மயிரிழை முன்னே பின்னே விழுகிறது. மேலே மழை, இசைத்தட்டின் பொரிச்சத்தம், சாவிக்கொத்து போல ஏதோ உரசும் ஒலி. குரல்கள் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி உயர்த்தியும் தாழ்த்தியும் விடப்பட்டிருக்கின்றன. ஒரு முழு வாக்கியம் கேட்பதற்குள் அடுத்த துண்டு வந்துவிடும்.

கடைசிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்குத் திரும்பும் நேரத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் கேட்டதில்லை. வீட்டில் ஃபேனுக்கடியில் கேட்டால் இதன் நுண்ணிய உரசல்கள் எல்லாம் போய்விடும். அதனால் காதில் செருகும் இயர்பட்ஸ் தேவை. தனிமை ஏற்கெனவே அழுத்துகிற இரவில் இது பாரத்தைக் கூட்டும்.

## 24 மணி நேர லோ-ஃபை நேரலைகள்

இணையத்தில் ஓயாமல் ஓடும் இந்த மெல்லிய தாள இசையையும் ஒரு தேர்வாகக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும், பலர் கடைசியில் வந்து சேரும் இடம் இது. படிப்பதற்கும், பரீட்சைக்குத் தயாராவதற்கும் நல்ல துணை. சத்தம் சமமாக ஓடும், வரிகள் இல்லை, தேர்ந்தெடுக்கும் வேலையும் இல்லை. ஆனால் இது முடிவதே இல்லை. ஆல்பம் முடிந்தால் "சரி, படுப்போம்" என்று தோன்றும். நேரலை அந்தச் சந்தர்ப்பத்தைத் தராது, மணி மூன்றாகியிருக்கும். ஓர் ஆண்டு கேட்ட பிறகும் ஒரு பாட்டின் பெயர்கூட மனதில் தங்கியிருக்காது என்பது எனக்கு அதைவிடப் பெரிய இழப்பு.

## ஒரே பார்வையில்

| ஆல்பம் | நீளம் (சுமார்) | குறைந்த சத்தத்தில் | குரலின் இழுப்பு | திடீர்ச் சத்தம் | விட்டுப்போகும் மனநிலை |
|---|---|---|---|---|---|
| டம்மி | 49 நிமிடம் | நன்றாக நிற்கும் | மிக அதிகம் | கொஞ்சம் | கனம் |
| மெஸனைன் | 63 நிமிடம் | பாதி போய்விடும் | நடுத்தரம் | உண்டு | இறுக்கம், விழிப்பு |
| எண்ட்ரொட்யூசிங் | 63 நிமிடம் | நன்றாக நிற்கும் | குறைவு | நிறைய | கிளர்ச்சி |
| கே அண்ட் டி செஷன்ஸ் | 2 மணி நேரத்துக்கு மேல் | சமாளிக்கும் | குறைவு | அரிது | தளர்வு |
| மூன் சஃபாரி | 43 நிமிடம் | நன்றாக நிற்கும் | மிதம் | ஒரே பாட்டில் | இதம் |
| அன்ட்ரூ | 50 நிமிடம் | இயர்பட்ஸ் வேண்டும் | துண்டு துண்டாக | இல்லை | ஏக்கம் |

## எல்லாவற்றுக்கும் பொதுவான செலவுகள்

இலவசக் கணக்கில் கேட்டால் பாட்டுகளுக்கு நடுவே விளம்பரம் வரும். 'ரோட்ஸ்' முடிந்த அமைதியில் ஒரு சோப்பு விளம்பரம் கத்துவதைக் கேட்பதைவிட அந்த ஆல்பத்தைக் கேட்காமலே இருக்கலாம். மாதச் சந்தா வேண்டாமென்றால், பிடித்த ஒன்றிரண்டு ஆல்பங்களை மட்டும் சிடியாகவோ டிஜிட்டலாகவோ வாங்கி போனில் வைத்துக்கொள்வது இந்த வகை இசைக்கு நன்றாகவே போதும். இவை திரும்பத் திரும்பக் கேட்கிற ஆல்பங்கள்.

செயலியில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் 'மெஸனைன்' முடிந்ததும் அதுவாக எதையோ எடுத்து ஓட்டும், ஆல்பம் விட்டுப்போன மௌனம் கிடைக்காது. ஒரு பாட்டை அடுத்ததோடு குழைக்கும் கிராஸ்ஃபேட் வசதியும் வேண்டாம்.

ஹெட்ஃபோன் விஷயத்தில் நம் வெயிலையும் சேர்த்து யோசிக்க வேண்டும். காதை முழுக்க மூடும் வகை பேஸை நன்றாகக் காட்டும், ஆனால் ஏசி இல்லாத அறையில் மே மாதம் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. வியர்த்துவிடும். பின்பக்கம் திறந்த வகையில் காற்றோட்டம் இருக்கும், ஆனால் சத்தம் வெளியே கசியும், பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொந்தரவு. ஒருக்களித்துப் படுத்துக் கேட்பவர்களுக்கு இயர்பட்ஸும் காதைக் குத்தும். படுத்துக்கொண்டு கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரும், அதற்கு ஏற்ற 'டம்மி', 'மூன் சஃபாரி' போன்ற ஆல்பங்களும் போதும்.

## எந்த இரவுக்கு எது

ராத்திரி வேலை, அதில் யோசனை தேவைப்படும் என்றால் 'கே அண்ட் டி செஷன்ஸ்'. இயந்திரத்தனமான வேலை, தூக்கம் மட்டும் வரக் கூடாது என்றால் 'எண்ட்ரொட்யூசிங்'. தூங்க வேண்டும் என்றால் 'மூன் சஃபாரி', வேறு எதுவும் வேண்டாம். பயணத்துக்கு, தனியாகப் பேருந்திலோ ரயிலிலோ என்றால் 'அன்ட்ரூ'. நீங்களே வண்டி ஓட்டினால் 'கே அண்ட் டி' போதும், 'மெஸனைன்' போட்டால் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்.

எதுவும் செய்யாமல் இசையை மட்டும் கேட்கும் இரவுக்குப் போட்டி 'டம்மி'க்கும் 'மெஸனைனு'க்கும்தான். கையில் சாதாரண இயர்பட்ஸ்தான் இருக்கிறது, சத்தமும் வைக்க முடியாது என்றால் 'டம்மி'. நல்ல ஹெட்ஃபோன் இருக்கிறது, மறுநாள் விடுமுறை என்றால் 'மெஸனைன்'. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்கிறவர்களுக்கு என் பதில் 'டம்மி'. அது எந்தக் கருவியிலும் தன்னைக் காட்டிக்கொள்ளும், ஒரு பாட்டுகூட வீணில்லை.

இரண்டும் பிடித்துப்போனால் அடுத்து மாஸிவ் அட்டாக்கின் முதல் ஆல்பமான 'ப்ளூ லைன்ஸ்' (1991) பக்கம் போங்கள். 'மெஸனைனை'விட வெளிச்சமும் சோல் இசையின் சாயலும் உள்ளது. அதே பிரிஸ்டல் வட்டத்திலிருந்து வந்த டிரிக்கியின் 'மாக்ஸின்க்வே' (1995) அதற்கும் அப்புறம். அவருக்கு நான்கு வயதில் இறந்துபோன தாய் மாக்ஸின் க்வேயின் பெயரைத் தாங்கிய ஆல்பம் அது. மார்ட்டினா டாப்லி-பேர்ட் பாட, டிரிக்கி அவர் குரலுக்கு அடியில் முணுமுணுத்துக்கொண்டே வருவார். 'கிளோரி பாக்ஸ்' எடுத்த அதே ஐசக் ஹேயஸ் துணுக்கை 'ஹெல் இஸ் ரவுண்ட் தி கார்னர்' பாட்டில் அவரும் எடுத்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.